ஏற்கப்படாத பறவைகள்

உலகத்தில் மொத்தம் பதினேழே மிஞ்சியிருந்த ஒருவகை வெள்ளைக் கொக்குகளில் ஒன்று, ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் பட்டறைக்குள் நடந்து வந்து, அப்போதுதான் கேஸ் நிரப்பி ஓடவிட்டிருந்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்குள் ஏறி நின்றுகொண்டது. அன்று பட்டறையில் ரிப்பேருக்கு வந்திருந்தவை ஒன்பது ஃபிரிட்ஜ்கள், ஓர் ஐஸ்கிரீம் பெட்டி. நடுத்தட்டு கொக்கின் கழுத்தில் இடித்ததால் மெக்கானிக் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கதவு திறந்தே கிடந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுமே என்று மட்டும் கொஞ்சம் யோசித்தார். வந்தவர் எவ்வளவு நேரம் இருந்துவிடப் போகிறார் என்று விட்டுவிட்டார். கொக்கு ஏழு வருடம் இருந்தது.

அடுத்த மாதம் தெற்குக் கடல் தீவொன்றிலிருந்து பச்சைக் கிளி ஒன்று வந்தது. கொழுத்த பூனை அளவு இருக்கும், பறக்கத் தெரியாது. கால் முழுக்கத் தூசியோடு வந்து, காய்கறித் தட்டில் படுத்துக்கொண்டு, சாயங்காலமானால் அடிவயிற்றிலிருந்து ‘பூம்’ என்று முழங்கியது. மெக்கானிக் இரண்டு நாள் அதைக் கம்ப்ரஸர் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப் போட்டுத் தேடினார். பிறகு வழுக்கைத் தலையும் வளைந்த மூக்குமாக ஓர் அரிவாள்மூக்கன், ஒரு ஜோடி கடற்பறவைகள், கரண்டி போன்ற மூக்கோடு உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உள்ளான். இரண்டு மேசை நீளத்துக்கு இறக்கை விரித்துக்கொண்டு ஒரு பிணந்தின்னிக் கழுகும் வந்தது. அதன் இறக்கையில் யாரோ எண் பொறித்த அட்டையைக் குத்தி வைத்திருந்தார்கள். ரிப்பேருக்கு வரும் ஃபிரிட்ஜ்களுக்கும் எண் அட்டை மாட்டுவதுதான் பட்டறை வழக்கம் என்பதால், மெக்கானிக் பதிவேட்டைப் புரட்டி அந்த எண்ணுக்கு உரியவரைத் தேடிப் பார்த்துவிட்டு, வருகிறபோது வரட்டும் என்று வைத்துக்கொண்டார். ரிப்பேர் முடிந்து ஒரு ஃபிரிட்ஜ் வீட்டுக்குத் திரும்பும்போது அதிலிருந்த பறவை தானாக இறங்கிப் பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொள்ளும். ஒரே ஒரு முறை, ஒரு கடற்பறவை இறங்க மறந்து, மூன்றாவது தெருவில் ஒரு வீட்டு மாடி வரைக்கும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர்கள் மறுநாள் காலை அதை ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். தட்டைத் துடைத்தும் கொடுத்திருந்தார்கள்.

இதில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை, தலைவரைத் தவிர.

தலைவர் என்பது அரிய பறவைகள் பதிவுக் குழுவின் தலைவர். மெக்கானிக்குக்கு அவர் சகலை. தலைவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கையைத்தான் மெக்கானிக் கட்டியிருந்தார். தலைவர் இருபத்தாறு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் இன்றைக்கும் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் சைக்கிளில் போகிறார் என்றால், அவர் உடம்பைப் பேணுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. தலைவரிடம் தேர்வுக்குப் போனவராக இருக்கும். மெக்கானிக்கை மட்டும் நான்கு முறை ஃபெயிலாக்கினார். நான்காவது முறை வண்டியை ஒழுங்காக எடுத்து, ஒழுங்காக வளைத்து, ஒழுங்காகத்தான் நிறுத்தினார் மனிதர். ஹார்ன் அடித்த விதத்தில் பணிவு போதவில்லை என்று தலைவர் எழுதினார். சொந்தக்காரர் என்பதால் சலுகை காட்டியதாகப் பேச்சு வந்துவிடக் கூடாதாம்.

பறவைகள் விஷயத்திலும் அவர் அப்படித்தான். அரிய பறவை எதையாவது பார்த்ததாக யார் சொன்னாலும், பதினான்கு கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், காலின் நிறம் என்ன, இது இதைப் போன்ற வேறொன்று அல்ல என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்று போகும். குழுவில் மூன்று பேர். ஒருவர் தலைவர். இன்னொருவர் செயலாளர், பல் டாக்டர். மூன்றாமவர் வெளிநாட்டில் மகளோடு இருந்தார். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வருவதாகப் பதினொரு வருடமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே குழு என்றால் தலைவரும் அவருடைய ஊதா மைப் பெட்டியும்தான். ‘ஏற்கப்பட்டது’ என்றொரு முத்திரையும் ‘ஏற்கப்படவில்லை’ என்றொரு முத்திரையும் இருந்தன. முதலாவதன் ரப்பர் புதுசாகவே இருந்தது. குழு ஏற்காத பறவையை யாரும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளக் கூடாது, தலைவர் உட்பட. ஏற்றுக்கொண்டால் முதலில் பார்த்தவரின் பெயர் நிரந்தரமாக அந்தப் பறவையோடு ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டாவது விதிதான் தலைவருக்கு நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது.

கொக்கு வந்த அன்று கொழுந்தியாள் போன் செய்தாள். தலைவர் தொலைநோக்கியோடு போய், பட்டறை வாசலில் நின்று, பத்தடி தூரத்திலிருந்த கொக்கைத் தொலைநோக்கி வழியாகவே பார்த்தார். அது அதுதான். சந்தேகமே இல்லை. அவருடைய பட்டியலில் அறுநூற்றுப் பதினோரு பறவைகள் இருந்தன. அவற்றுக்காக அவர் ஏறாத மலை இல்லை, அட்டைக்கு ரத்தம் கொடுக்காத காடு இல்லை. அந்த அறுநூற்றுப் பதினொன்றையும் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. அது வந்து நிற்பதோ, காகத்துக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத சகலையின் ஃபிரிட்ஜில்.

“என்ன சாதிண்ணே இது?” என்றார் மெக்கானிக், ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டே. “பெரிய கோழி மாதிரி இருக்கு. முட்டை போடுமா?”

தலைவருக்கு அடிவயிற்றில் ஒரு கை மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. பத்து நிமிடம் ஆசை தீரப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் கையில் படிவத்தைக் கொடுத்து, நிரப்பி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து மேசைமுன் உட்கார்ந்து, ‘பறவை இயற்கைச் சூழலில் காணப்படவில்லை, சமையலறைச் சாதனத்தில் காணப்பட்டுள்ளது’ என்று எழுதி, ‘ஏற்கப்படவில்லை’ என்று குத்தினார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் காலியாக இருந்தது.

“பறந்துடுச்சா?” என்று கேட்டார் தலைவர், குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு.

“என்ன அத்தான் விளையாடுறீங்க? உங்க சட்டை பட்டனைத்தானே கொத்திக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு, கொழுந்தியாள் வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்து எறிந்தாள். மீன் பாதி வழியில் காற்றில் நின்றது, தலைகீழாகத் திரும்பியது, பிறகு இல்லாமல் போனது. தலைவர் குனிந்து பார்த்தார். சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை.

கண் டாக்டரிடம் போனார். டாக்டர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க வைத்து, அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படிக்க வைத்து, கண் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். பச்சைக் கிளி வந்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. முதல் நாள் பத்து நிமிடம் அதைத் திவ்வியமாகப் பார்த்தார். ‘பறக்க இயலாத பறவை கடல் கடந்து வந்ததற்கு விளக்கம் இல்லை’ என்று எழுதிக் குத்தினார். (படிவத்தில் மெக்கானிக் விளக்கம் கொடுத்துத்தான் இருந்தார்: ‘நடந்து வந்திருக்கும்.’) மறுநாள் முழக்கம் மட்டும் கேட்டது, காய்கறித் தட்டு காலி. தான் ஏற்காத பறவை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தலைவர் ஒரு விதியாகக் குறித்துவைத்துக்கொண்டார். விதிகள் அவருக்குப் பழக்கம்தான். படிவத்தில் செயலாளரின் கையெழுத்தும் இருந்ததே, அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று விசாரித்தார். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் பல் டாக்டருக்கு இல்லை. அதனால் அவருக்கு எல்லாம் தெரிந்தன.

ஒரு முத்திரையை மாற்றிக் குத்தினால் தீர்ந்துபோகிற சங்கடம் இது. தலைவருக்கும் அது தெரியும். ஆனால் மாற்றிக் குத்தினால், உலகப் பறவை நூல்களில் ‘முதலில் கண்டவர்’ என்ற இடத்தில் சகலையின் பெயர் ஏறும். ஹார்னைப் பணிவாக அடிக்கத் தெரியாத ஒருவரின் பெயர். அதைக் காட்டிலும் பறவைகள் இல்லாமலிருப்பதே மேல் என்று தலைவருக்குப் பட்டது. ஏழு வருடத்தில் நாற்பத்தொரு பறவைகள் வந்தன. நாற்பத்தொன்றையும் பத்துப் பத்து நிமிடம் கண்குளிரப் பார்த்தார், நாற்பத்தொன்றுக்கும் குத்தினார். அந்த ஏழு வருடத்தில் ஊர் கொஞ்சம் மாறியது. அகலத் தொப்பி வைத்த வெளிநாட்டுக்காரர்கள் வந்து பட்டறை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் மெக்கானிக்கின் படம் வந்தது, பின்னால் கழுகோடு. தலைவர் ஆசிரியருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். ‘படத்தில் பறவை எதுவும் தென்படவில்லை’ என்பது அதன் சாரம். ஆசிரியர் அதைச் சிரிப்புப் பகுதியில் போட்டார். பட்டறைக்குப் போகும்போதெல்லாம் தலைவர் குடை பிடித்துக்கொண்டு போனார், உள்ளேயும். வழியில் எதுவும் இல்லாத இடங்களில் இடித்துக்கொண்டார், எதுவும் இல்லாத இடங்களிலிருந்து திட்டு வாங்கினார், சட்டைப் பட்டன்களை டஜன் கணக்கில் வாங்கினார்.

மெக்கானிக்கோ, ஒவ்வொரு பறவைக்கும் ஒழுங்காகப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய பிடிவாதத்தைப் பார்த்துத் தலைவர், உள்ளுக்குள் இவனுக்கும் பேராசைதான் என்று கொஞ்சம் ஆறுதல் பட்டிருந்தார். ஆறாம் வருடம் ஒரு நாள் மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: “அண்ணே, நானும் மனு மேல மனுவா போட்டுக்கிட்டிருக்கேன். உங்க ஆபீஸ்லேர்ந்து எப்பதான் வந்து இதுங்களைக் கூட்டிட்டுப் போவாங்க?” அது புகார்ப் படிவம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பறவைகள் பட்டறையை அடைத்துக்கொண்டிருப்பதாகப் புகார். அன்றைக்குத் தலைவருக்குப் பொறாமையில்கூட ஒரு மரியாதை இல்லாமல் போயிற்று. போட்டிக்கே வராத ஒருவனிடம் நாற்பது முறை தோற்றிருக்கிறோம் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு பழைய எரிச்சல் இருந்தது. அது முப்பத்தொரு வருடத்துக்கு முந்தியது. அப்போது தலைவர் தலைவரில்லை. புதுசாகக் கல்யாணமான ஓர் ஆர்வலர். ஒரு குளிர்காலத்தில் பதினோரு பேர் ஒரு வேனில் சதுப்பு நிலத்துக்குப் போனார்கள், அவருடைய புது மனைவியும் சேர்த்து. அங்கே வெண்புருவ உள்ளான் வந்து இறங்கியது. அரை நூற்றாண்டாக யாரும் பார்க்காத பறவை. இனமே அழிந்துவிட்டது என்று எழுதி மூடிவிட்டிருந்தார்கள். அது நாற்பது விநாடி நின்றது. அந்த நாற்பது விநாடியும் அவர் குனிந்து, குறிப்பேட்டில் தேதியையும் காற்றின் திசையையும் எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பேர் ‘ஆ’ என்றார்கள். அவர் நிமிர்ந்தபோது அசைகிற நாணலைத்தான் பார்த்தார். திரும்பும் வழியில் வேன் முழுக்க அதே பேச்சு. பறவை என்றால் காகம் வரைக்கும்தான் தெரியும் என்றிருந்த புது மனைவிகூட, “புருவம் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி எவ்வளவு அழகு!” என்றாள். அடுத்த மூன்று மாதத்தில் அவர் குழுவுக்குள் நுழைந்தார், அடுத்த மூன்று மாதத்தில் தலைவரானார். எடுத்துக்கொண்ட முதல் பதிவு அந்தப் பத்துப் பேருடையது. ‘பார்த்ததாகச் சொல்பவர்களிடையே ஒருமித்த கருத்து அளவுக்கு மீறிக் காணப்படுகிறது’ என்று எழுதி நிராகரித்தார். மனைவி போக மற்ற ஒன்பது பேரும் அத்தோடு பறவை பார்ப்பதை விட்டுவிட்டு உருப்பட்டார்கள். குழுவே தவறு என்று சொல்லிவிட்ட பறவையைத் தேடி வேறு யாரும் அந்தச் சதுப்புக்குப் போகவில்லை. தலைவர் மட்டும் வருடா வருடம் குளிர்காலத்தில் ஒரு நாள், மனைவியையும் ஒரு பிளாஸ்க் காபியையும் கூட்டிக்கொண்டு போய், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நாணலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். முப்பது வருடம். ஒரு முறைகூட அது வரவில்லை.

நாற்பத்திரண்டாவது படிவம் ஒரு குளிர்காலத் திங்கட்கிழமை வந்தது. ‘சின்னப் பறவை. பழுப்பு. வயிற்றில் சீட்டுக்கட்டு ஆர்ட்டின் மாதிரி புள்ளி, ஆனால் சிவப்பு இல்லை. கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் கீழே தண்ணீர் தேங்குகிற இடத்தில் நிற்கிறது. சீக்கிரம் வந்து எடுத்துப் போகவும்.’

அது எந்தப் பறவை என்று தலைவருக்கு உடனே தெரிந்துவிட்டது. முத்திரையைத் தொடவே இல்லை. முத்திரை விழாதவரை கண்ணுக்குத் தெரியும், அது விதி. ஒற்றைக் காலில் செருப்போடு பட்டறைக்கு ஓடினார். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் முன்னால் மண்டியிட்டார். அடித்தட்டில் உருகின தண்ணீர் ஒரு விரல் ஆழத்துக்கு நின்றது. தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் எழுந்தன. யாரோ ஊசியால் குத்திக் குத்தி எடுக்கிற மாதிரி. பறவை இல்லை.

“இன்னும் கொஞ்சம் கிட்டப் போனீங்கன்னா மூக்கு மேல உக்காந்துக்கும், அத்தான்” என்றாள் கொழுந்தியாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். மனைவி சலவைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் இன்னும் முத்திரையே குத்தலை. ஆனா தெரிய மாட்டேங்குது” என்றார், ஏதோ அவள்தான் அதற்குப் பொறுப்பு என்பது போல.

“இதுக்குக் குத்தலை. அதுக்குக் குத்தினீங்களே.”

“எதுக்கு?”

“எங்க பத்துப் பேருக்கு.” அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள். “ரெண்டும் ஒரே பறவைதானே?”

முப்பது குளிர்காலமும் மெதுவாகத் தலைவரின் தலைக்குள் வந்து வரிசையாக நின்றன.

“அப்ப சதுப்புல… இத்தனை வருஷமும்…”

“இருந்துச்சு.”

“நீ பாத்தியா?”

“பாக்காம? ஒரு வருஷம் உங்க ஷூ மேலயே ஏறி நின்னுச்சு. இன்னொரு வருஷம் ரெண்டா வந்திச்சு.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா!”

“சொன்னா படிவம் குடுப்பீங்க” என்றாள் மனைவி. “பதினாலு கேள்வி. காலு என்ன கலர், காத்து எந்தப் பக்கம். எனக்கு எதுக்குங்க அந்த வம்பு? நான் பாட்டுக்குப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அன்று தலைவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. சகலை மேல் ஏழு வருடமாக வளர்த்த பொறாமை, ஒரே மதியத்தில் அப்படியே இடம் மாறிச் சொந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரில் துணி மடிக்கிறவள் அதை முப்பத்தொரு முறை பார்த்திருக்கிறாள், பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே. பட்டியல் கிடையாது, தொலைநோக்கி கிடையாது. அதன் பெயரையாவது ஞாபகம் வைத்திருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. ‘அந்தச் சுண்ணாம்புப் புருவம்’ என்கிறாள்.

குழு விதிகளில் ஒன்பதாவது அவரே எழுதியது: நிராகரிக்கப்பட்ட பதிவை மீண்டும் திறக்க வேண்டுமானால், நிராகரித்தவர் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டும். யாரும் ஒருபோதும் திறந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி எழுதிவைத்திருந்தார். இப்போது முப்பத்தொரு வருடத்துக் கோப்பைத் தூசி தட்டி எடுத்து, ‘நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு’ என்று எழுதி, ஏற்பு முத்திரையைக் குத்திவிட்டுப் பட்டறைக்குப் போனார். தண்ணீரில் வட்டங்கள் மட்டும் எழுந்தன. ஃபிரிட்ஜ்காரர்கள் எந்த நாளும் வந்து பெட்டியை எடுத்துப் போகலாம் என்றும், குளிர்காலம் முடிந்தால் பறவையே கிளம்பிவிடலாம் என்றும் வாசலில் தொப்பிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் கோப்பைத் திருத்தி, ‘புதிய ஆதாரங்களின் வெளிச்சத்தில்’ என்று எழுதினார். ஒன்றுமில்லை. புதன்கிழமை ‘கவனப்பிசகு நேர்ந்தமையால்’ என்று எழுதினார். அன்று ஃபிரிட்ஜுக்குள் முழங்கால் வரைக்கும் இரண்டு குச்சிக் கால்கள் தெரிந்தன. மங்கின பச்சை நிறம். அவை தண்ணீரில் நாலடி நடந்து, நின்று, திரும்பி நடந்தன.

தலைவர் வீட்டுக்கு ஓடி, ‘நேர்ந்தமையால்’ என்பதை அடித்துவிட்டு, ‘என் கவனப்பிசகால்’ என்று திருத்தினார். வயிறு வரைக்கும் தெரிந்தது. ஆர்ட்டின் புள்ளிகள் ஒவ்வொன்றையும் எண்ணலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தலையில்லாத ஒரு பறவை குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அவர் அந்த அளவோடு திருப்திப்பட முயன்றார். பல் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, இது போதுமில்லையா என்று கேட்டார். புருவத்தைப் பார்க்காமல் வெண்புருவ உள்ளான் என்று எழுதினால் குழு ஒத்துக்கொள்ளாதே என்றார் டாக்டர். முப்பது வருடத்தில் அவர் சொன்ன ஒரே ஆட்சேபணை அதுதான்.

சனிக்கிழமை காலை தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு டாக்டரிடம் வந்து சேர்ந்த தாளில் இப்படி இருந்தது: ‘எல்லாரும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. என் மனைவி அழகாயிருந்தது என்று சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.’ டாக்டர் வழக்கம் போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தலைவருக்கு அந்த மனிதர் மேல் முதல் முறையாக அன்பு வந்தது.

பட்டறையில் அது முழுசாக நின்றது. பார்க்க அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. மைனாவைவிடக் கொஞ்சம் சிறுசு, சேறு மாதிரி ஒரு பழுப்பு, நீளமான மூக்கு. புருவம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அதைவிடச் சரியாகச் சொல்ல வார்த்தை இல்லை என்பது தலைவருக்கு இன்னொரு வேதனை. அது அவரை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. தலைவர் அழுதார் என்று கொழுந்தியாள் சொல்கிறாள். கேஸ் கசிவு கண்ணில் பட்டது என்று தலைவர் சொல்கிறார். அன்றைக்கு அந்த ஃபிரிட்ஜில் கேஸே இல்லை என்று மெக்கானிக் சொல்கிறார். தலைவர் குறிப்பேட்டைக் கொண்டு வரவில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, கிளம்பும்போது மெக்கானிக்கிடம், “சகலை, அந்தக் கொக்கு இப்ப எங்க நிக்குது?” என்று கேட்டார். “உங்களுக்குப் பின்னாடிதாண்ணே” என்றார் மெக்கானிக். பின்னால் திரும்பி, காலியாக இருந்த இடத்துக்கு ஒரு தலையசைப்பு செய்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு மற்ற நாற்பத்தொரு கோப்புகளையும் வாரம் ஒன்றாக ஏற்றுக்கொண்டு வந்தார். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் அவருடைய வயிறு தாங்கவில்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. வீட்டுக்குப் போய், காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, அவரால் பேசாமலிருக்க முடியவில்லை.

“நீ முப்பத்தொண்ணு. நான் ஒண்ணு.”

“சரி.”

“சமமாகிற வரைக்கும் நீ பட்டறைப் பக்கம் வராம இருக்கலாம்.”

“அதெப்படிங்க? என் தங்கச்சி வீடு. நான் வருவேன்” என்றாள் மனைவி. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேணும்னா அதுக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிறேன்” என்றாள்.

அப்படியே ஒப்பந்தமாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கணக்கு என்பதால் முப்பது நாள் ஆகும். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சொந்தக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார். கம்ப்ரஸருக்கு உதிரிப் பாகம் கப்பலில் வந்துகொண்டிருப்பதாக மெக்கானிக் அவரைத் திருப்பி அனுப்பினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் கப்பலின் பெயரை இரண்டு முறையும் மாற்றிச் சொன்னார். தலைவர் ஃபிரிட்ஜைப் பார்த்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். மனைவி அவருக்கு முதுகோடு முதுகாக இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பட்டாணி உரித்தாள். சந்தேகம் வருகிறபோது தலைவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். அவள் தலை நேராகவே இருக்கும்; கை மட்டும் உரித்துக்கொண்டிருக்கும். “இப்ப ஒரு கால்ல நிக்குது” என்று அவர் முணுமுணுப்பார், அவளுக்குக் கேட்க வேண்டுமென்றும் கேட்கக் கூடாதென்றும். “அப்படியா?” என்பாள் அவள். முதல் வாரம் இந்த ‘அப்படியா’வில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம் இருந்தது. இரண்டாவது வாரம் தொடங்கி, அவள் பார்க்காத ஒன்றைத் தான் மட்டும் பார்ப்பதில் ஏதோ உப்புக் குறைகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதான். ஒரு நாளைக்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

முப்பதாம் நாள், ஆறு மணிக்கு, “முப்பத்தொண்ணு” என்றார் தலைவர். ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு, “இனிமே நீ திரும்பலாம்” என்றார்.

“இருக்கட்டுங்க. இன்னும் ஒரு பிடி பட்டாணி இருக்கு” என்றாள் மனைவி.

அவளுக்கு நேர் எதிரே, ஏதோ ஹோட்டல் சமையலறையிலிருந்து ரிப்பேருக்கு வந்த ஆளுயர ஃபிரிட்ஜ் ஒன்று முப்பது நாளாக நின்றுகொண்டிருந்தது, எவர்சில்வர் கதவோடு. அதில் பறவை மூக்கு நுனியிலிருந்து புருவம் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது, கூடவே அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் தலைவரும். பிம்பத்தில் பார்த்தால் கணக்கில் சேருமா என்பது பற்றி அந்தப் பதினான்கு கேள்விகளில் எதுவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. மெக்கானிக் மட்டும் தினமும் நாலே முக்கால் மணிக்கு, அவர்கள் வருவதற்கு முன்னால், அந்தக் கதவை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து வைப்பார்.